ரூட்டரை மாற்றியபின் நெட் வரவில்லையா? விளக்கைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு ரூட்டர் ஐப்பசி மழையில் ஒரு இடியோடு போய்விட்டது. ஃபைபர் வயர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. இடியின் அதிர்ச்சி வந்தது பிளக் வழியாக. சரி, காரைக்குடியில் ஒரு கடையில் புதிய பெட்டி வாங்கி, தெரிந்த பையன் ஒருவன் போய் மாட்டிக் கொடுத்தான். பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன, வை-ஃபை பெயரும் வந்தது. நெட் மட்டும் நான்கு நாளாக வரவில்லை. பில் கட்டியாயிற்று, வயர் அறுபடவில்லை, பெட்டியிலும் குறை இல்லை. ஆயா போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா, சிங்கப்பூர்ல இருக்கற பிள்ள மொகத்தத் தெனம் ஒரு தரம் பாத்தாப் போதும்."

கோளாறு என்னவென்றால், புதிய பெட்டியின் நம்பரை யாரும் நிறுவனத்துக்குச் சொல்லவில்லை.

இதைத்தான் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கலாம், பில் உங்கள் பெயரில் வரலாம். ஆனால் மறுமுனையில் இருக்கும் இயந்திரத்துக்கு உங்கள் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது உங்கள் வீட்டுப் பெட்டியின் நம்பர் மட்டும்தான். பெட்டியை மாற்றினால் அந்த நம்பரும் மாறிவிடுகிறது. நம்பர் மாறியதைச் சொல்லாவிட்டால், நீங்கள் யாரோ வெளியாள் என்று அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

நெட் வீட்டுக்குள் வர நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் ஒளி வர வேண்டும். அப்புறம் பெட்டி பதிவாக வேண்டும். அதன்பின் லாகின். கடைசியாக வை-ஃபை வழியாக உங்கள் போன். வீட்டு முகப்பைத் தாண்டாமல் உள்ளே முற்றத்து வளவுக்குள் போக முடியாது அல்லவா, அதேபோல இதிலும் வரிசை மாறாது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பெட்டியின் விளக்குகளே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் ரீசெட் பொத்தானில் ஊசியை விட்டுக் குத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ரீசெட் செய்தால் உள்ளே எழுதி வைத்த லாகின் விவரம் அத்தனையும் அழிந்துவிடும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பழைய பெட்டியைக் கழற்றும் முன்

பழையது இன்னும் உயிரோடு இருந்தால் இந்தப் பகுதியைப் படித்துவிட்டே கை வையுங்கள். கருகிப் போயிருந்தாலும் லேபிள் இருக்கும், பாதி வேலை அதிலேயே முடியும்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பெட்டியா, இரண்டா என்று பாருங்கள். மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் நூல் போன்ற ஃபைபர் வயர் நேரே வை-ஃபை பெட்டிக்குள் போனால், அது ஓ.என்.டி.யும் (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் கருவி) ரூட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி. சிலர் அதை ஓ.என்.யூ. என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஃபைபர் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்து, அங்கிருந்து தடித்த லேன் வயர் இன்னொரு பெட்டிக்குப் போனால், உங்களிடம் இருப்பது இரண்டு. சின்னது ஓ.என்.டி., ஆன்டெனா வைத்தது ரூட்டர்.

இரண்டு பெட்டிக்காரர்களுக்குக் கவலை குறைவு. ரூட்டரை மட்டும் மாற்றினால் ஒளியும் பதிவும் பழையபடியே இருக்கும், லாகினை மட்டும் பார்த்தால் போதும். ஒரே பெட்டிக்காரர்கள் கடைக்குப் போகும் முன் நிறுவனத்துக்கோ, உங்கள் ஊர் கேபிள்காரருக்கோ ஒரு போன் போட்டுவிடுங்கள். வெளியில் வாங்கிய ஓ.என்.டி.யை ஏற்பார்களா, எந்த வகை வேண்டும் என்று கேளுங்கள். ஃபைபர் லைனில் ஜிபான், இபான் என இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கான பெட்டி மற்றதில் வேலை செய்யாது. எக்ஸ்பான் என்று போட்டிருக்கும் பெட்டி இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் போனில் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெட்டிக்குக் கீழே இருக்கும் லேபிள். அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் வேன் பக்கம், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பின் விவரம் காட்டும் திரை. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் உள்ளே போகலாம், போகாவிட்டால் லேபிளிலேயே முகவரி இருக்கும். அங்கே பயனர் பெயர், வி-லேன் எண் (உங்கள் நெட் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று நிறுவனம் வைத்த எண்), இணைப்பு வகை, மேக் முகவரி (பெட்டிக்குத் தொழிற்சாலையிலேயே கொடுத்த அடையாள எண்) எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கடவுச்சொல் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதை நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது படம், எந்த வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்பதற்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அரை மணி நேரம் துளைத் துளையாக மாற்றிக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

வை-ஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது

அடாப்டரைப் பாருங்கள். பழைய பெட்டியின் அடாப்டர் முனை புதியதில் பொருந்திவிடும் என்பதற்காக மாட்டிவிடுவார்கள். அதில் 9 வோல்ட் என்றும் பெட்டியில் 12 வோல்ட் என்றும் இருந்தால், தொடங்குவதும் விழுவதுமாகவே இருக்கும். மாறாக 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடவும் கூடும். வோல்ட் சரிசமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் பெட்டியில் கேட்டதைவிடக் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை. பழைய வீடுகளில் ஒரே பிளக்கில் மூன்று நான்கு கிளை போட்டிருப்பார்கள். நேரே சுவர்ப் பிளக்கில் ஒரு தரம் மாட்டிப் பாருங்கள்.

எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகிறது

ஒளி வரவில்லை, அல்லது மிகவும் மங்கி வருகிறது. பதிவு, லாகின், கடவுச்சொல் எதையும் இப்போது தொடாதீர்கள். அதற்கான கட்டம் இன்னும் வரவில்லை.

ஃபைபரின் முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு உட்கார வேண்டும். முனையின் நிறம் முக்கியம். பச்சை என்றால் உள்ளே கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். நீலம் என்றால் நேராக இருக்கும். பச்சை முனையை நீலத் துளையில் தள்ளினால் போய் உட்கார்ந்துவிடும், ஆனால் இரண்டு முகமும் பொருந்தாது, ஒளி சிந்திவிடும், முனையும் சேதமாகலாம். புதிய பெட்டியின் துளை வேறு நிறமாக இருந்தால் இடைவயரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முனையை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். உள்ளே ஒளி போகும் வழி தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி போதும் அதை மறைக்க. கண்ணுக்கு நேரே பிடித்து 'வெளிச்சம் வருதா' என்றும் பார்க்கக் கூடாது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் வருகிறது, தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அழுத்திச் சொல்லி வையுங்கள்.

அடுத்து வளைவு. ஆயா வீட்டில் ஃபைபர் வயரை நிலைக்கதவின் இடுக்கு வழியாகக் கொண்டுவந்து, மீதத்தை மூன்று விரல் அகலத்துக்குச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். பர்மாத் தேக்குக் கதவு என்ன கனம் இருக்கும்! ஒவ்வொரு தரம் சாத்தும்போதும் அந்த இழை நசுங்கியது. ஃபைபரை ஒரு சின்னத் தட்டின் வட்டத்துக்குக் குறையாமல் சுருட்ட வேண்டும். மடக்கினால் ஒளி ஓரத்தில் கசிந்துவிடும்.

பெட்டிக்குள் போக முடிந்தால் 'ஆப்டிக்கல்' அல்லது 'பான்' (பி.ஓ.என். என்று எழுதியிருக்கும்) என்ற பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஒரு எண் இருக்கும். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. வழக்கமான ஜிபான் பெட்டிக்கு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 20 வாக்கில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஓடும்போதே விட்டு விட்டுப் போகும். 3 கூடக் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. அதனால் 23, 26 என்பதைச் சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். லைன்மேன் தம்பியிடம் இந்த எண்ணைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். 'நெட் வரல' என்பதைவிட 'ஆர்.எக்ஸ். பவர் மைனஸ் 29 காட்டுது' என்பது பத்து மடங்கு பயனுள்ள வாக்கியம்.

எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு என்றால் கோளாறு தெருவில். தேர் வரும் தெருக்களில் வயர்களைக் கழற்றி மறுபடி கட்டுவார்கள், லாரி இழுத்துப் போயிருக்கலாம். இது நம் கையில் இல்லை. புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவப்பு இல்லை, ஆனால் பான் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது

ஆயா வீட்டுக் கதை இதுதான். எல்லா விளக்கும் எரிகிறதே என்று நான்கு நாள் யாரும் சந்தேகப்படவில்லை. எரிவது வேறு, மின்னுவது வேறு. பான் விளக்கு நிலையாக எரிந்தால் பெட்டி பதிவாகிவிட்டது. மின்னினால் இன்னும் வாசலில் நிற்கிறது.

ஏன் பதிவு இவ்வளவு கட்டாயம் என்பதைச் சொல்கிறேன். நிலையத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு ஓ.எல்.டி. என்று பெயர். அங்கிருந்து ஒரே ஒரு இழை கிளம்பி, வழியில் ஸ்பிளிட்டரில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. எல்லா வீட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் ஓ.எல்.டி. ஒவ்வொரு பெட்டிக்கும் 'உன் முறை இப்போது' என்று நேரம் பிரித்துக் கொடுக்கிறது. யார் யாருக்கு முறை என்ற பட்டியல் சீரியல் நம்பரை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத பெட்டிக்கு முறை கிடைக்காது. அது இடையிடையே விடப்படும் சின்ன இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த மின்னலுக்கு அதுதான் அர்த்தம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒரே வேலை. நிறுவனத்தை அழைத்து, 'என் ஓ.என்.டி.யை மாற்றியிருக்கிறேன், பழைய சீரியலை நீக்கிப் புதிய சீரியலை என் இணைப்பில் ஏற்ற வேண்டும்' என்று இதே சொற்களில் சொல்லுங்கள். 'நெட் வரல' என்றால் அணைத்துப் போடுங்கள் என்பார்கள், அரை நாள் அதிலேயே போகும். உங்கள் ஊரில் கேபிள்காரர் மூலமாக இணைப்பு வாங்கியிருந்தால் அவர் வழியாகச் சொல்வதுதான் விரைவு.

நம்பரைச் சொல்வதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். லேபிளில் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று பெட்டி செய்த தொழிற்சாலையின் சீரியல். மற்றது பான் சீரியல் அல்லது ஜிபான் எஸ்.என். என்று போட்டது. வேண்டியது இரண்டாவது. அதில் 12 எழுத்து இருக்கும். முதல் நான்கு, செய்த நிறுவனத்தின் அடையாளம். ஹுவாவே என்றால் 'எச் டபிள்யூ டி சி', இசட்.டி.இ. என்றால் 'இசட் டி இ ஜி'. அடுத்த எட்டும் அந்தப் பெட்டிக்கே உரிய எண். சில லேபிள்களில் முதல் நான்கு எழுத்தையும் எண்ணாக மாற்றி மொத்தம் 16 இலக்கமாக அடித்திருப்பார்கள். 48575443 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம், அது அதே 'எச் டபிள்யூ டி சி'தான், வேறு உடுப்பில் வந்திருக்கிறது. இபான் வகை என்றால் சீரியலுக்குப் பதில் மேக் முகவரியைக் கேட்பார்கள்.

ஆயாவிடம் போனிலேயே படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார்கள். மூன்று தரம் சொல்லியும் நிறுவனத்தில் 'இப்படி ஒரு நம்பர் இல்லை' என்றார்கள். ஓர் இடத்தில் 'ஓ' என்றார்கள், இன்னொரு இடத்தில் 'எஸ்'. அங்கேதான் பிடிபட்டது. அந்தக் கடைசி எட்டு இடத்தில் 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் தவிர வேறு எதுவும் வரவே வராது. அதனால் அங்கே 'ஓ' போலத் தெரிந்தால் அது சுழியம். 'எஸ்' போலத் தெரிந்தால் 5. 'ஐ' என்றால் 1, 'இசட்' என்றால் 2. மேக் முகவரிக்கும் இதே விதி. உண்மையில் குழப்பக்கூடியவை 8-ம் பி-யும், 0-ம் டி-யும் மட்டுமே. அந்த இரண்டையும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் வாயால் சொல்லாமல் லேபிளின் படத்தையே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஏற்றிவிட்டோம் என்று அவர்கள் சொன்னபின் பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் பான் விளக்கு நிலையாக வேண்டும். வராவிட்டால் இரண்டு காரணம் மிச்சம். ஒன்று, வகை மாறிப்போயிருக்கும், ஜிபான் லைனில் இபான் பெட்டி. இன்னொன்று, சில நிறுவனங்கள் சீரியலோடு ஒரு பதிவுக் கடவுச்சொல்லும் கேட்கும், இபானில் அதை லாய்ட் என்பார்கள். அது பெட்டிக்குள் எழுதப்பட வேண்டும்.

ஒரு குறுக்கு வழி பற்றியும் சொல்ல வேண்டும். சில பெட்டிகளில் சீரியல் நம்பரையே மாற்றி எழுதும் வசதி இருக்கிறது. பழைய நம்பரைப் புதியதில் எழுதிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம் என்பார்கள். வேண்டாம். பழைய பெட்டி எங்காவது அதே லைனில் உயிரோடு மாட்டப்பட்டால் இரண்டும் ஒரே முறைக்கு அடித்துக்கொள்ளும், பதிவேட்டில் இருப்பதும் வீட்டில் இருப்பதும் வேறாகிவிடும். அடுத்த கோளாறு வரும்போது லைன்மேனால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு போன் அழைப்பில் நேராக முடியும் வேலை இது.

பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு எரியவில்லை அல்லது சிவப்பு

ஒளியும் பதிவும் தாண்டிவிட்டன. இனி லாகின். இரண்டு பெட்டி வீட்டில் ரூட்டரை மட்டும் மாற்றியவர்கள் நேரே இங்கேதான் வருவீர்கள்.

பெரும்பாலான இணைப்புகளில் பி.பி.பி.ஓ.இ. என்ற முறைதான். பயனர் பெயர், கடவுச்சொல், பல இடங்களில் வி-லேன் எண், இவை மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ரூட்டரின் லாக் பக்கத்தை (நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பக்கம்) திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு விதமான பதில்தான் வரும், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

'பதில் இல்லை', 'டைம் அவுட்' என்ற பொருளில் வந்தால், உங்கள் கேள்வியே மறுமுனைக்குப் போகவில்லை. வி-லேன் எண் தவறு, அல்லது லேன் வயர் ரூட்டரின் வேன் துளையில் இல்லை. வேன் துளை வேறு நிறத்தில், தனியாகத் தள்ளி இருக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் இப்போது எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை.

'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தால் (கணினியிலிருந்து நேரே டயல் செய்பவர்களுக்கு 691 என்ற பிழை எண்), கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது, மறுமுனை மறுக்கிறது. பயனர் பெயரில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து முழுதாக அடித்தீர்களா என்று பாருங்கள். போனில் அடிக்கும்போது முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிடும், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்தவரை இந்த இடைவெளிதான் அதிகம் பேரை அலையவிட்டது. பில் பாக்கி இருந்தாலும் இதே பதில்தான் வரும்.

எல்லாம் சரி, இருந்தும் மறுக்கிறது என்றால், பழைய பெட்டியின் லாகின் இன்னும் திறந்தே இருக்கிறது. ஒரு பெயருக்கு ஒரு லாகின்தான் என்று வைத்திருப்பார்கள். பழையதைச் சட்டென்று பிளக்கிலிருந்து பிடுங்கினால் அது போய்விட்டது என்று மறுமுனைக்கு உடனே தெரியாது. கால் மணி நேரம் புதியதை அணைத்து வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். பழையது உயிரோடு இருக்கும்போதே மாற்றுபவர்கள், வேன் பக்கத்தில் டிஸ்கனெக்ட் அழுத்திவிட்டு அணைத்தால் இந்தக் காத்திருப்பே வேண்டாம்.

அதன்பின்னும் இல்லையென்றால் மேக் பூட்டு. உங்கள் லாகினைப் பழைய ரூட்டரின் மேக் முகவரியோடு கட்டி வைத்திருப்பார்கள். பயனர் பெயரே இல்லாமல், மாட்டியவுடன் நெட் வரும் வகை இணைப்புகளில் அநேகமாக இப்படித்தான். நிறுவனத்தை அழைத்து 'மேக் ரீசெட்' செய்யச் சொன்னால் நிமிடத்தில் முடியும். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை என்றால், ரூட்டரில் 'மேக் க்ளோன்' என்ற இடத்தில் பழைய முகவரியை எழுதலாம். இரண்டு பெட்டி வீட்டில், பழைய ரூட்டரை ஓரம் கட்டிவிட்ட நிலையில், இதில் கெடுதல் இல்லை. ஆனால் சில பெட்டிகளில் லேபிளில் இருக்கும் மேக் ஒன்று, வேன் பக்கம் பயன்படுத்துவது அதற்கு அடுத்த எண். அதற்காகத்தான் அந்த இரண்டாவது படம்.

வை-ஃபை சேர்கிறது, 'இன்டர்நெட் இல்லை' என்கிறது

இரண்டு பெட்டி வீட்டில் பெரும்பாலும் முகவரி மோதல். ஓ.என்.டி.யும் 192.168.1.1, புதிய ரூட்டரும் 192.168.1.1 என்றால் யார் வீட்டுக்காரர் என்று தெரியாமல் நின்றுவிடும். புதிய ரூட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் தீரும். ஓ.என்.டி. பிரிட்ஜ் முறையில் (தான் லாகின் செய்யாமல் ரூட்டருக்குக் கடத்திவிடும் முறை) இருந்ததா, அதுவே லாகின் செய்துகொண்டிருந்ததா என்றும் பாருங்கள். லாகின் ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் எம்.டி.யூ. என்ற எண்ணை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, வழக்கமாக 1500) 1492 ஆக்குங்கள். பி.பி.பி.ஓ.இ. ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் தனக்கு எடுத்துக்கொள்வதால் 1500 கொள்ளாது.

சோதிக்கும்போது போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் வராத நெட்டை வந்ததாக நினைத்து ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

நெட் வருகிறது, வீட்டு போன் ஊமையாகிவிட்டது

பழைய தரைவழி எண்ணை ஃபைபரோடு சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. 04565 என்று தொடங்கும் அந்த எண்ணைத்தான் உறவுக்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். போன் வயர் ஓ.என்.டி.யின் பின்னால் டெல் என்று போட்ட துளையில் இருக்க வேண்டும். குரலுக்கான விவரம் நெட்டுக்கான லாகினிலிருந்து வேறு. அதைத் தனியாக ஏற்ற வேண்டும், அதுவும் நிறுவனம்தான் செய்ய முடியும். வெளியில் வாங்கிய பெட்டியில் போன் துளையே இல்லாமலும் இருக்கலாம். வாங்கும் முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

என் போனில் வருகிறது, டிவியிலும் கேமராவிலும் வரவில்லை

பழைய வை-ஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதில் வைத்துவிட்டால், டிவி, கேமரா, பெரியவர்களின் போன் எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். யாரையும் எழுப்பி 'பாஸ்வேர்டு போடுங்க ஆச்சி' என்று கேட்க வேண்டாம். அப்படியும் சேராவிட்டால் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய சாதனங்களுக்கு அது தெரியாது, டபிள்யூ.பி.ஏ.2-க்கு மாற்றுங்கள். பல கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5-ஐயும் 2.4-ஐயும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருந்தால் கொஞ்ச நேரம் பிரித்து வைத்துச் சேருங்கள்.

முகப்பில் வருகிறது, இரண்டாங்கட்டில் இல்லை

இது பதிவுக் கோளாறு இல்லை, நம் வீடுகளின் கட்டுமானம். முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை என்று நீளும் வீட்டில், தடித்த சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி ஒரே ரூட்டர் அடுப்படி வரை எட்டாது. 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவருக்கே திணறும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ரூட்டரை முகப்பில் ஓர் அறைக்குள் வைக்காமல், வளவில் முற்றத்தைப் பார்த்தபடி உயரத்தில் வையுங்கள், மழைச் சாரல் படாமல். முற்றம் திறந்த வெளி, அலை அதன் வழியாக நான்கு பக்கமும் போகும். பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னாலோ, இரும்புப் பெட்டி மேலோ வைக்காதீர்கள். கண்ணாடியின் பின்பூச்சும் இரும்பும் அலையைத் தடுக்கும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால், உங்களுக்குச் சொந்தமான பழைய ரூட்டரை இரண்டாங்கட்டில் வைக்கலாம். அதன் டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, முகவரியை வீட்டில் வேறு எதற்கும் இல்லாத ஒன்றாக, 192.168.1.250 போல (முதல் ரூட்டரை 192.168.2.1 ஆக்கியிருந்தால் 192.168.2.250 போல) மாற்றி, வளவிலிருந்து வரும் லேன் வயரை அதன் வேன் துளையில் போடாமல் லேன் துளையில் போட வேண்டும். ஆத்தங்குடித் தரையை உடைக்காமல் வயரை நிலைப்படிக்கு மேலே, உத்தரத்தின் ஓரமாகக் கொண்டுபோகலாம்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் இல்லை

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் இது நடக்கும். மாதக்கணக்கில் பணம் கட்டாமல் இருந்தால் பெட்டியின் பதிவையே எடுத்துவிடுவார்கள். பான் விளக்கு மறுபடி மின்னத் தொடங்கிவிடும். இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பூட்டும் முன் கேளுங்கள். வரும்போது, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒருவரை அனுப்பிப் பெட்டியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, லேன் வயரையும் கழற்றி வையுங்கள். இடி வரும் வழி அந்த இரண்டும்தான்.

கடைசியாகப் பழைய பெட்டி. அது நிறுவனம் கொடுத்தது என்றால் பரணில் போடாதீர்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், திருப்பிக் கேட்பார்கள். அதன் சீரியல் நம்பரை எழுதி ரசீதோடு ஒப்படையுங்கள், புதிய நம்பர் ஏற்றப்பட்டதையும் அப்போதே ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயா வீட்டில் இப்போது புதிய பெட்டியின் பான் சீரியல், பயனர் பெயர், புகாருக்கான எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, முகப்பில் நாட்காட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். கடைசி எட்டு எழுத்தில் சுழியம் எது என்று ஆயாவே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.